போக ஆறே முக்கால், வர ஒன்றே முக்கால்

சிங்கப்பூர்
2.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை கற்பகம் எழுதுவது. நீ, மச்சான், எழில் மூவரும் சுகம்தானே? நானும் அவரும் இங்கே சுகம். எனக்கு இது ஐந்தாம் மாதம். காலையில் வாந்தி நின்றுவிட்டது. சாத்தூர் சேவு நினைப்புதான் நிற்கவில்லை.

என் நம்பரை நீ பிளாக் செய்து இன்றோடு பதினேழு நாள். அம்மாவிடம் முறையிட்டால், "அவ கோவம் ஒனக்குத் தெரியாதாடி, ஒரு கடுதாசி போட்டுப் பாரு" என்கிறாள். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், தலைமை ஆசிரியருக்கு விடுப்புக் கேட்டு. அதற்கே ஐந்துக்கு மூன்றுதான் போட்டார்கள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

பிரசவத்துக்கு அம்மாவை இங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றுதான் அன்றைக்குப் போனில் சொன்னேன். நீ, "அப்பா செத்ததுக்கு வராதவளுக்கு அம்மா எதுக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டாய். ரெண்டு வருஷமாக இதை மனதில் வைத்திருந்தாயா அக்கா?

ஆகஸ்ட் 20க்கு டிக்கெட் போடப் போகிறோம். அம்மா ஒற்றை ஆளாக விமானம் ஏற வேண்டும். மதுரையைத் தாண்டாதவள். நீ கூட நின்று அனுப்பிவைத்தால்தான் நடக்கும். பதில் போடு. திட்டியாவது போடு.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
கற்பகம்


ஆலங்குளம்
19.6.2025

கற்பகத்துக்கு அக்கா பாண்டிச்செல்வி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகத்துக்கு என்ன குறைச்சல், அதனால் கேட்கவில்லை.

பிளாக்கை எடுக்க மாட்டேன். போனில் பேசினால் எனக்கு வாய் முந்துகிறது, உனக்கு அழுகை முந்துகிறது. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் எப்படியும் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். போன் இல்லாமல் இருப்பது எனக்கொன்றும் புதுசில்லை. நீ எழுது, நான் எழுதுகிறேன்.

இப்போதுதான் வேனிலிருந்து இறங்கினேன். நாள் முழுக்கப் பூச்சட்டிக்கு மருந்து அடைத்த கை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் மருந்தில் கலந்த வெள்ளித்தூள் போகாது. தாளில் அங்கங்கே மினுங்கினால் தப்பாக நினைக்காதே.

ஒன்று கேட்கிறேன். சாத்தூரிலிருந்து ஆலங்குளம் எம்புட்டுத் தூரம்? வெம்பக்கோட்டை வழியாக ஒரு மணி நேரம். நான் இந்த வீட்டில் பால் காய்ச்சிப் பதினோரு வருஷம். அன்றைக்கு வந்த அம்மா, சாயங்காலம் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடித்துப் போனவள்தான். அதற்கப்புறம் வந்திருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. வருவாள், காப்பி குடிப்பாள், பஸ் டயம் பார்ப்பாள். ஒரு பொழுது என் வீட்டில் படுத்து எழுந்திருக்கவில்லை. கேட்டால், "இங்கன கிட்டத்துலதானடி இருக்கே, எப்ப வேணா வரலாம்ல" என்பாள். அந்த எப்பவோ இன்னும் வரவில்லை.

உன்னோடு மட்டும் அம்மா மூன்று மாதம்! அதுவும் வானத்தில் பறந்து! கடல் தாண்டிப் போனால்தான் பெற்றவள் வருவாள் என்று எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

பாஸ்போர்ட்டுக்கு விருதுநகருக்கு மூன்று தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள் நான்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள். அனுப்பிவைக்கிறேன். வயிறு எரிந்துகொண்டேதான் அனுப்பிவைப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை மனசாரத்தான் சொல்கிறேன்.

பாண்டிச்செல்வி


சிங்கப்பூர்
5.7.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதத்தைப் பிரித்ததும் மடியில் வெள்ளி கொட்டியது. அவர், "ஒங்க அக்கா மத்தாப்பு அனுப்பியிருக்காகளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மதுரையிலிருந்து இந்த ஊர் மூவாயிரம் கிலோமீட்டர் இருக்கும். நீ ஒரு மணி நேரத் தூரத்தைச் சொல்லிக் கோபப்படுகிறாய். எழில் பிறந்தபோது நீ சாத்தூரில் ஐந்து மாதம் இருந்தாய். அம்மா உன் தலைக்குச் சாம்பிராணி போட்டதும், நீ கண்ணை மூடிக்கொண்டு கிடந்ததும், நான் வாசலில் உட்கார்ந்து எழில் துணியைத் துவைத்ததும் ஞாபகம் இருக்கிறதா? அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு நாள் இப்படி நடக்கும் என்று அப்போதே நினைத்தேன். எனக்கு அது வேண்டும் அக்கா. பொறாமை உனக்கு மட்டும்தான் வருமா?

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஆகஸ்ட் 20 வர, நவம்பர் 12 திரும்ப. மச்சான் போனுக்கு அனுப்பியிருக்கிறோம், பிரிண்ட் எடுத்து வை. அம்மா கையில் வைத்துக்கொள்ளப் பை அனுப்புகிறேன். அவரோடு வேலை பார்க்கும் ஸ்ரீராம்குமார் விருதுநகர்க்காரர், ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார். உன் வீட்டிலேயே கொண்டுவந்து கொடுப்பார்.

எழிலுக்கு என் முத்தம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

கற்பகம்


ஆலங்குளம்
24.7.2025

கற்பகம்,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து வந்து, மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது படித்தேன். நான் ஒன்பதாவதுதான் படித்தேன், ஆனாலும் மணி பார்க்கத் தெரியும். போக: மதுரையில் 11.10க்குக் கிளம்பி, சிங்கப்பூரில் 5.55க்குச் சேரும். ஆறே முக்கால் மணி நேரம். சரி, தூரம்தான் என்று நினைத்தேன். அடுத்த வரியைப் பார்த்தேன். வர: சிங்கப்பூரில் காலை 8.10க்குக் கிளம்பி, மதுரையில் 9.55க்குச் சேரும். ஒன்றே முக்கால் மணி நேரம்! மூன்று தடவை விரல் வைத்து எண்ணினேன். காற்று பின்னாலிருந்து தள்ளுமோ, என்ன எழவோ, எனக்குத் தெரியாது. ஒன்றே முக்கால்தான்.

எங்கள் வீட்டிலிருந்து மதுரை ஏர்போர்ட்டுக்குக் காரில் போனாலே ரெண்டு மணி நேரம் ஆகும். என்னைவிட நீதான் மதுரைக்குக் கிட்டத்தில் இருக்கிறாய்.

அப்பா போன அன்றைக்கு மறுநாள் வரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கலாம் என்று ஊரே சொன்னது. "சின்னவ மொகத்த ஒருக்கப் பாத்துக்கிடட்டும்" என்று நான்தான் எல்லாரிடமும் மல்லுக்கு நின்றேன். நீ போனில், "என்னால வர முடியாதுக்கா, ரொம்பத் தூரம், எடுத்துருங்க" என்றாய். பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. ரொம்பத் தூரம்! சீட்டு என் கையில் இருக்கிறது. உள்ளூர் டவுன் பஸ் போகிற நேரத்தில் வந்து இறங்கியிருக்கலாமே, பாவி! அப்பாவை விட உனக்கு அங்கே என்ன பெரிய வேலை?

இதை நான் யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் உனக்குத்தான் அசிங்கம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு நீ என்ன செய்தாலும் சரிதானே.

இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறாய், எழுது.

பாண்டிச்செல்வி


ஆலங்குளம்
22.8.2025

கற்பகத்துக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? பயந்துவிடாதே. அம்மா நன்றாக இருக்கிறாள், என் வீட்டில்தான் இருக்கிறாள். விமானம் போய்விட்டது என்று உன் மச்சான் போனில் சொல்லியிருப்பார். என்ன நடந்தது என்பதை நான் எழுதுகிறேன்.

நான் கேட்டதற்கு நீ பதில் போடவில்லை. அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சாத்தூர் போய் அம்மாவுக்குச் சாமான் எல்லாம் எடுத்து வைத்தேன். நீ அனுப்பிய சிவப்புப் பைக்கு ஜிப்பு போய்விட்டது. அவசரத்துக்கு என் பையைத் துவைத்துக் கொடுத்தேன். நான் தினமும் சோற்று வாளி கொண்டுபோகிற பைதான், கிழிசல் ஒன்றும் கிடையாது. கம்பெனியில் சீசன், லீவு இல்லை. அதனால் புதன்கிழமை உன் மச்சான் மட்டும் கார் பிடித்துக் கூட்டிப்போனார்.

உள்ளே சோதனை போடுகிற இடத்தில் ஒருவர் சின்னத் துணி ஒன்றால் பையைத் துடைத்து ஒரு மிஷினில் வைத்தாராம். மிஷின் கத்தியதாம். மறுபடி துடைத்தார்களாம், மறுபடி கத்தியதாம். அம்மாவின் கையைத் துடைத்தாலும் கத்தியதாம். துப்பாக்கி வைத்திருந்த நாலு பேர் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். அவர்கள் ஹிந்தியில் கேட்க, அம்மா தமிழில் அழ, ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. தமிழ் தெரிந்த பெரிய அதிகாரி வந்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்க, "சாத்தூருய்யா. இது எம்மக பையி. அவ பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவ" என்றாளாம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். நல்ல மனுஷன், காப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் எல்லாச் சாமானையும் பிரித்துப் பார்க்காமல் விட முடியாது என்று சொல்லிவிட்டார். பார்த்து முடிப்பதற்குள் விமானம் போய்விட்டது.

அம்மாவோ, "வெடிகுண்டு வச்சவளப் பாக்குற மாதிரி பாத்தாக. இனிமே செத்தாலும் அதுல ஏற மாட்டேன்" என்கிறாள். சாத்தூரில் தனியாக விட மனமில்லாமல் இங்கே கூட்டிவந்துவிட்டோம்.

மருந்து துவைத்தாலும் போகாது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பாண்டிச்செல்வி


சிங்கப்பூர்
2.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் உடம்புக்கு எப்படி இருக்கிறது? மச்சான், எழில் நலமா? நான் நலம் என்று எழுதத்தான் ஆசை.

உனக்குத் தெரியாது என்றால் தெரியாதுதான். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்தப் பையின் ஜிப்பை நானே பத்துத் தடவை இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். அது ஒரு மாதத்துக்குள் எப்படிப் போகும்? ஆகஸ்ட் 6ஆம் தேதி உனக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாயா, வரவேயில்லையா?

டாக்டர் அக்டோபர் 5 என்று நாள் சொன்னார். போன வாரம் பார்த்துவிட்டு, முன்னாலேயும் ஆகலாம், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்கிறார். இவருக்கு ஷிப்ட். பகல் முழுக்க நான் மட்டும்தான். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இதற்கு முன் இப்படிப் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தேன். மறுபடி எழுதக் கை வரவில்லை.

அம்மாவிடம் போனில் கேட்டால், "பாப்போம், பாப்போம்" என்கிறாள். பின்னால் உன் குரல் கேட்கிறது. அம்மா உன் பேச்சைக் கேட்பாள். செப்டம்பர் 18க்கு இடம் இருக்கிறது. போகச் சொல்லிக் கேட்டுப் பார்.

கற்பகம்


ஆலங்குளம்
11.9.2025

கற்பகத்துக்கு,

உன் கடிதம் வந்தது. ஆறாம் தேதி எழுதியது என்று ஒன்றும் எனக்கு வரவில்லை.

அம்மா இங்கே தேறிவிட்டாள். நான் வேன் ஏறுவதற்குள் தோசை சுட்டு வைத்துவிடுகிறாள். சாயங்காலம் வந்தால் வெந்நீர் போட்டு, என் கையை அவளே தேய்த்துக் கழுவி விடுகிறாள். எழிலுக்கு அவள் சொல்லாத கதை இல்லை. அம்மா இந்த வீட்டில் இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டாள்.

விமானம் என்றாலே அவளுக்கு வேர்க்கிறது. நான் என்ன செய்ய? கட்டாயப்படுத்த முடியுமா? அங்கே ஆஸ்பத்திரியெல்லாம் நன்றாக இருக்கும் என்கிறார்கள். ஒரு ஆளை உதவிக்கு வைத்துக்கொள். உன் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் தம்பியை லீவு போடச் சொல்.

ஜிப்பு போனது போனதுதான். அதையே கேட்டுக்கொண்டிருக்காதே.

பாண்டிச்செல்வி


(கற்பகம் ஆகஸ்டில் எழுதிய கடிதம். செப்டம்பர் 13 அன்று ஆலங்குளம் வந்து சேர்ந்தது.)

சிங்கப்பூர்
6.8.2025

அக்கா,

நீ சுகம் கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். சுகமா?

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். நீ கணக்குப் போட்டது சரிதான். ஆனால் இந்த ஊர்க் கடிகாரம் நம் ஊரைவிட ரெண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். உனக்குக் காலை ஆறு என்றால் எனக்கு எட்டரை. டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைப் போடுவார்கள். அதனால்தான் போக ஆறே முக்கால் மாதிரியும் வர ஒன்றே முக்கால் மாதிரியும் தெரிகிறது. ரெண்டு பக்கமும் நாலேகால் மணி நேரம்தான். காற்று தள்ளுவதில்லை.

நாலேகால் என்றாலும் வந்திருக்கலாமே என்று கேட்பாய். கேட்கவும் வேண்டும்.

அப்பா போன அன்றைக்கு நான் மூன்று மாதம். உனக்குச் சொல்ல வேண்டும், ஆடி முடியட்டும் என்று இருந்தேன். மச்சான் போன் வந்தபோது நான் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் இருந்தேன். எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "ரொம்பத் தூரம்" என்று சொன்னது பொய். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. படுத்தே கிடந்தும் மூன்றாம் நாள் அது தங்கவில்லை. அப்பாவும் இல்லை, அதுவும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு மாதம் கழித்துச் சொன்னேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியது நான்தான். அப்பாவுக்காக நீ அழுதுகொண்டிருந்தாய், அதற்கு மேல் எதற்கு என்று நினைத்தேன். அதனால்தான் இந்தத் தடவை அம்மா வருகிறாள் அக்கா. உன்னை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வரவில்லை.

இன்னொன்று. ஸ்ரீராம்குமார் கொண்டுவருகிற சிவப்புப் பை உனக்கு. கடையில் பார்த்ததும் உன் தோளுக்குத்தான் சரியாக இருக்கும் என்று தோன்றியது. அம்மாவின் பை அதற்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறது, நீல நிறம். அதில் ஒரு சீட்டும் இருக்கிறது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், முதல் பயணம், ஏதாவது என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் எழுதியிருக்கிறேன். மறக்காமல் அம்மா கையில் கொடு.

அவர் தபால் போடக் கிளம்பி நிற்கிறார். அவசரத்தில் முடிக்கிறேன்.

உன் கற்பகம்


ஆலங்குளம்
17.9.2025

என் தங்கைக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை கிடையாது. நாளைக்கு அம்மாவின் நீலப் பையில் வருகிறது. நாலேகால் மணி நேரத்தில் உன் கைக்கு வந்துவிடும். 11ஆம் தேதி நான் போட்ட ஒரு கடிதம் இதற்குப் பின்னால் வந்து சேரும். வந்தால் படிக்காமல் கிழித்துப் போடு.

உன் ஆகஸ்ட் கடிதம் சனிக்கிழமை வந்தது. கவர் மேலே நீ வெறும் "ஆலங்குளம், தமிழ்நாடு" என்று எழுதியிருக்கிறாய். மாவட்டமும் இல்லை, பின்கோடும் இல்லை. அது தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்துக்குப் போய், அங்கே உன் மச்சான் கருப்பணன் வீடு எது என்று தேடியிருக்கிறார்கள். யாரோ ஒரு புண்ணியவான், "சிமெண்ட் ஆலை இருக்கிற விருதுநகர் ஆலங்குளமாக இருக்கும், பார்க்கவும்" என்று பென்சிலில் எழுதித் திருப்பிவிட்டிருக்கிறார்.

வாசலில் நின்றே படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

கற்பகம், ஜிப்பு போகவில்லை. ஸ்ரீராம்குமார் தம்பி கொடுத்துவிட்டுப் போனதும் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அம்புட்டு அழகாக இருந்தது. அம்மாவுக்கு விமானம், அம்மாவுக்குப் பை, எனக்குச் சோற்று வாளிப் பையா என்று ஆத்திரம் வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் ஒன்றே முக்கால் என்று எண்ணி வைத்திருந்தேன். எடுத்து பீரோவின் மேல் வைத்துவிட்டு என் பையைக் கொடுத்தேன். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே தாள் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். திறந்தால் முழுத் திருடியாகிவிடுவேன் என்று பயம். எனக்கென்று வந்ததை நானே திருடி, நானே ஒளித்து வைத்து, அதனால் அம்மாவைத் துப்பாக்கிக்காரர்கள் நடுவில் நிறுத்தியிருக்கிறேன். இப்படி ஒரு கேவலம் வேறு யாருக்காவது வருமா?

இதைவிடப் பெரிய தப்பும் ஒன்று இருக்கிறது. "அம்மா வரமாட்டேன் என்கிறாள்" என்று உனக்கு எழுதினேனே, முதல் ரெண்டு நாள்தான் அவள் அப்படிச் சொன்னாள். அதற்கப்புறம் போவதா வேண்டாமா என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை. அவள் என் கையைத் தேய்த்துக் கழுவும்போதெல்லாம், உன் கடிதம் என் தலையணைக்கடியில் இருந்தது.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவள், "சிவப்புப் பைய நான் இங்கன வந்த மறுநாளே பீரோ மேல பாத்துட்டேன்டி" என்றாள். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ 'போம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சொல்லாம நான் எப்படிப் போக? ஒருக்க ஒன் வகுத்தெரிச்சல வாங்கிக்கிட்டுப் போயித்தான் பாத்தாச்சே" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் சொல்லிவிட்டேன், போம்மா என்று.

எழிலிடம் மணிக்கணக்கைக் கேட்டேன். "இதுகூடத் தெரியாதாம்மா, ஏழாங்கிளாஸ் புத்தகத்துலயே இருக்கு" என்கிறாள். அவளிடம் ஜூலையிலேயே கேட்டிருக்கலாம். கேட்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

நாலு நாளாக நான் கம்பெனிக்குப் போகவில்லை. சீசனில் லீவா என்று போர்மேன் சத்தம் போட்டார், போடட்டும். அம்மாவுக்குச் சேலை முதல் செருப்பு வரை எல்லாம் புதுசு. பெட்டியை நான் தொடவே இல்லை, பக்கத்து வீட்டு லட்சுமிகாந்தம் மதினிதான் அடுக்கினார்கள். நகம், முடி எல்லாம் தேய்த்துக் குளித்துவிட்டு இதை எழுதுகிறேன். தாளைத் தட்டிப் பார், ஒரு பொட்டு வெள்ளி இருக்காது.

நாளைக்கு நானும் ஏர்போர்ட்டுக்குப் போகிறேன். சிவப்புப் பையை மாட்டிக்கொண்டுதான் போவேன்.

அந்தப் பிள்ளைக்காக நான் அழவே இல்லையே கற்பகம். இப்போது அழுகிறேன். அப்பா அதைப் பார்த்துக்கொள்வார்.

உன் அக்கா


சிங்கப்பூர்
6.10.2025

என் அக்காவுக்கு,

அம்மாவும் நானும் இன்னொருத்தியும் சுகம். அக்டோபர் முதல் தேதி காலை பிறந்தாள். மூன்று கிலோ. உன் மூக்கு, உன் கோபம். பசித்தால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிறது.

மிஷின் கத்தவில்லை. அம்மா வெளியே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "கத்தலடி!" என்பதுதான். ரெண்டாவது வார்த்தை, "பெரியவ சாப்ட்டிருக்க மாட்டா."

வலி வந்தபோது இவர் வேலையில் இருந்தார். அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். நீ அனுப்பாமல் இருந்தால் அந்தக் காலையில் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

11ஆம் தேதிக் கடிதம் பின்னாலேயே வந்தது. கிழிக்கவில்லை. படித்தும் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. தாளில் வெள்ளி இருந்தது. அம்மா அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, இதை உனக்கு அப்படியே எழுதச் சொன்னாள்:

"மூவாயிரமோ என்னமோ சொல்லுதாக, அம்புட்டுத் தூரத்த நாலு மணி நேரத்துல வந்து எறங்கிட்டேன். இந்தா இருக்குற ஆலங்குளத்துல போயி, பெரியவகூட ஒரு பொழுது படுத்து எந்திரிக்க எனக்குப் பதினோரு வருசம் ஆயிருச்சு. கிட்டத்துல இருக்காளேன்னு இருந்துட்டேன். இத எளுது."

எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

உன் கற்பகம்


ஆலங்குளம்
17.10.2025

தங்கைக்கும் தங்கை மகளுக்கும்,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே மூன்று பேரும் சுகம் என்று தெரிந்தும் கேட்கிறேன், சுகமா?

என் மூக்கு என்று எழுதியிருக்கிறாய். என்ன கஷ்டகாலமோ! போட்டோ பார்க்க வேண்டும், அதனால் பிளாக்கை எடுத்துவிட்டேன். நேற்றுதான் லோடு ஏற்றி முடித்தார்கள், இன்றோடு தீபாவளி லீவு விட்டுவிட்டார்கள். இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் நாம் பத்துத் தடவை பேசியிருப்போம். ஆனாலும் அம்மா எழுதச் சொன்னதற்குப் பதில் எழுத வேண்டுமல்லவா?

அம்மா படுத்த பாயை எழில் மடிக்க விடமாட்டேன் என்கிறாள். நானும் மடிக்கச் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல், புது டிக்கெட்டுப்படி டிசம்பர் 10 திரும்பி வந்ததும் நேரே இங்கேதான். சாத்தூர் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, கேட்டாலும் தர மாட்டேன். பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை. மருந்து மாதிரி, ஒரு துவைப்பில் போகாது போலிருக்கிறது.

அன்றைக்குக் காலையில் நான் சிவப்புப் பையோடு மதுரையில் நிற்பேன். உன் ஊரில் 8.10க்கு ஏற்றி விடு, இங்கே 9.55க்கு இறங்கிவிடுவாள். நாலேகால் மணி நேரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நான் என் கணக்கையே வைத்துக்கொள்கிறேன். அம்மா என்னிடம் வர ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.

அக்கா
பாண்டிச்செல்வி